வெல்டிங் இல்லாத பட்டறை

"பசை வெச்சு ஒட்டுறதுக்கு இது என்ன காத்தாடியா, தவுக்கே? கார்!"

வாடிக்கையாளர் என்சிக் வாஹித் தன்னுடைய பழைய மோரிஸ் மைனரின் பின்பக்கத்தைத் தட்டிக் காட்டிக் கத்தினார். துரு தின்ற தகட்டை அறுத்தெடுத்த இடம் ஓவென்று திறந்து கிடந்தது. அதற்கென்று அடித்து வளைத்த புதுத் தகடு பக்கத்தில் சாய்ந்திருந்தது.

"வெளித்தகடுதானே, என்சிக். பாரம் தாங்குற இடமில்ல. இந்தப் பசை காய்ஞ்சா, தகடு கிழிஞ்சாலும் ஒட்டு பிரியாது" என்றார் பட்டறை முதலாளியான தவுக்கே சியா, தரையைப் பார்த்துக்கொண்டே.

"பிரியுதோ பிரியலையோ! பழைய கார் கண்காட்சியில நிறுத்தினா முதல்ல இந்த விளிம்பைத்தான் தடவிப் பார்ப்பாங்க. கம்பெனியில வந்த மாதிரியே பொட்டுப் பொட்டா வெல்டிங் தடம் இருக்கணும்."

"அப்படின்னா மெங்லெம்புல தெரிஞ்ச பட்டறை ஒண்ணு இருக்கு. அங்க அனுப்பி வெல்டிங் பண்ணி வாங்கித் தர்றேன்."

"நானே நேரா அங்க போயிட மாட்டேனா? நீ எதுக்கு நடுவுல? இப்ப சாப்பிடப் போறேன். வரும்போது இங்க வெல்டிங் நடக்கணும். இல்லேன்னா வண்டியை இழுத்துட்டுப் போயிடுவேன்."

அவர் போய்விட்டார். தவுக்கேயும் மாடியிலிருந்த வீட்டுக்குச் சாப்பிடப் போனார்.

பட்டறையின் இளைய வெல்டர் சுக்ரி திறந்து கிடந்த மோரிஸையே பார்த்துக்கொண்டு நின்றான். பழைய கார்களுக்கு உயிர் கொடுப்பதில் ஈப்போவிலேயே பேர் எடுத்த பட்டறை. நோன்புப் பெருநாள் கழிந்து திறந்த அன்று தவுக்கே வெல்டிங் மிஷினுக்கு உறை மாட்டினார். "இனிமே இங்க வெல்டிங் கிடையாது. எல்லாம் பசைதான்." அன்றிலிருந்து, வந்த வண்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போயின. இந்த மோரிஸும் போனால் பட்டறைக்குப் பூட்டுதான். சுக்ரியின் அடுப்புக்கும்.

"கரண்டு பில்லுக்குப் பயப்படுது கிழம்" என்றார் ஜொஹாரி. பட்டறையிலேயே மூத்த வெல்டர் அவர். "பாத்துக்கிட்டே இரு. நாளைக்கு நம்ம வாயையும் ஒட்டிடும், சோறு கேக்காம இருக்க."

கவலையிலும் சுக்ரிக்குச் சிரிப்பு வந்தது. தவுக்கேயைக் கிண்டல் செய்வதில் ஜொஹாரியை அடிக்க ஆளில்லை. காப்பிக் கடையில் 'கோந்து தவுக்கே' என்று பெயர் சூட்டியதே அவர்தான்.

"என்னண்ணே செய்யறது? பொழப்பு போயிடுமே."

"கிழம் மேல தின்னுட்டு இருக்கு. மிஷினை எடுத்து நாலு பொட்டு வையேன். ஆம்பளதானே நீ?"

"நீங்களும் கூட நில்லுங்கண்ணே. தகட்டைப் பிடிச்சுக்க ஆள் வேணும்."

"எனக்குத் தலைவலிடா. ஒரு தேத்தண்ணி உள்ள போனாத்தான் சரிப்படும். நீ ஆரம்பி."

சுக்ரி உறையை உருவுவதற்குள் ஜொஹாரி சாலையைக் கடந்து காப்பிக் கடைக்குள் நுழைந்திருந்தார்.

தகட்டைக் கிளாம்ப் போட்டு இறுக்கினான் சுக்ரி. சுவிட்சைத் தட்டினான். முதல் பொட்டு விழுந்தது. தீப்பொறி சிதறியது.

மாடிப்படி தடதடத்தது. சாப்பாட்டுக் குச்சி கையில் இருக்க, செருப்புகூட இல்லாமல் ஓடிவந்த தவுக்கே வயரைச் சுவரிலிருந்து பிடுங்கி எறிந்தார்.

"ஜொஹாரி எங்கே? டேய், ஜொஹாரி எங்கேடா?"

"தேத்தண்ணி குடிக்கப் போயிருக்காரு..."

தவுக்கே அப்படியே ஒரு டயர்மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பிறகு எழுந்து வந்து சுக்ரியின் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டார்.

வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துவிட்டார் என்சிக் வாஹித்.

"போதும். நடக்கிற வேலையைப் பிடுங்கி எறியிற ஆள்கிட்ட என் வண்டி இனிமே ஒரு நிமிஷம் இருக்கக் கூடாது." இழுவை லாரிக்குப் போன் போட்டபடியே வெளியே போனார்.

சுக்ரி கையுறையைக் கழற்றி வீசினான். "கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு இருக்கு, தவுக்கே! எங்க சோத்துல மண்ணைப் போட்டு யாருக்குச் சேத்து வைக்கிறீங்க?"

படியில் நின்ற தவுக்கேயின் மனைவி மெய் ஃபோங் வெடித்தாள்.

"சொல்லித் தொலைங்களேன்! இருந்த ஒரு வண்டியும் போச்சு. இன்னும் எதுக்கு மூடி மறைக்கிறீங்க?"

"வேண்டாம். வாக்குக் குடுத்திருக்கேன்."

"நான் குடுக்கலையே!" அவள் சுக்ரியின் பக்கம் திரும்பினாள். "பெருநாளுக்கு ஊருக்குப் போனேன்னு ஜொஹாரி சொன்னானே, ஊருக்கா போனான்? பெரியாஸ்பத்திரியில படுத்திருந்தான். இதயம் ஓடுறதுக்கு நெஞ்சுக்குள்ள பேட்டரி வெச்சுத் தைச்சிருக்கு. வெல்டிங் ஓடுற இடத்துல நிக்கவே கூடாதாம், அந்தக் கரண்டு பேட்டரியைக் குழப்பிடுமாம். வெளியே தெரிஞ்சா எவனும் வேலை குடுக்க மாட்டான்னு இவர் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதான். அவன் ஒருத்தன் மட்டும் மிஷினைத் தொடாம இருந்தா நீங்கல்லாம் ஏன்னு கேப்பீங்க. அதுக்காக பட்டறையே வெல்டிங்கை விட்டுச்சு."

சுக்ரி தான் வீசிய கையுறையைக் குனிந்து எடுத்தான்.

சற்று நேரத்தில் வாசலில் இழுவை லாரி வந்து நின்றது. அதைப் பின்னால் எடுக்கச் சொல்லிக் கையசைத்து வழிகாட்டிக்கொண்டிருந்தவர் ஜொஹாரி.

"நீங்க நல்ல இடமாப் பாத்துப் போங்க, என்சிக்" என்றார், உள்ளே கேட்கும்படி உரக்க. "வேற போக்கிடம் இல்லாத நாங்கதான் இந்தக் கஞ்சன்கிட்ட கிடந்து சாகணும்."