டொரீனின் பூனை

"பூனைக்கும் வயசாகுமா அம்மா?" என்று டொரீன் ஒருமுறை கேட்டாள். போன மழையில் காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது, பூனை இருக்கிறது. தோட்டத்து லயத்து வாசலில், லயங்களைச் சுற்றி சர்க்கார் போட்ட முள்வேலியின் நிழல் மாலை வெயிலில் நீண்டு கிடக்கிறது. "குவாலா சிலாங்கூர்ல துரைசானிங்க நடத்துற பூனைப் போட்டியில, வயசான பூனைக்கு ரெண்டு பால் டின்னாம். பேரு கொடுத்துடு லா, வயித்துப் பிள்ளைக்கு ஆகும்," என்கிறான் டொரீனின் அப்பா சூசைமுத்து. "கூண்டுல அடைச்சா பயத்துலயே செத்துரும்ங்க. டின்னையும், காட்டுல ஒளிஞ்சிருக்கிற கம்யூனிஸ்டுக்காரனுக்குப் போயிருமின்னு வேலிக் கேட்டுல போலீஸ்காரன் ஓட்டை போட்டுத்தான் விடுவான். எறும்புக்குத்தான் ஆகும்," என்கிறாள் அவன் மனைவி முரியல். அவன் போட்டிச் சீட்டை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, பொதுச் சமையலில் ஆளுக்கு அளந்து கொடுக்கும் பங்குச் சோறு வாங்கப் போகிறான். காய்ச்சலில் சில்லிட்ட மகளின் பாதங்கள்மேல் கடைசி மூன்று இரவும் படுத்துச் சூடு கொடுத்தது இந்தப் பூனைதான். முரியல் சீட்டை அடுப்பில் போடுகிறாள். நடுங்கும் பூனையை மடியில் ஏந்தி, அதன் குளிர்ந்த கால்களை முந்தானையால் பொதிந்துகொள்கிறாள்.