சத்தம் போடாத இனம்

சஃபியாவுக்கு இடுப்பு இற்று விழுந்தது. காலையில் மேசை முன்னால் நின்றவள், மத்தியானம் தாண்டியும் நின்றுகொண்டிருந்தாள்.

மட்டாஞ்சேரிப் படகுத்துறையை ஒட்டிய தகரக் கொட்டகை. தவளையின் காலை வெட்டித் தோலுரித்து ஐஸில் அடைத்தால் அது கப்பலேறி அமெரிக்காவுக்குப் போகும். மிச்ச உடம்பு காயலுக்கும் காக்கைக்கும்.

வெட்டுகிறவள் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் கை மந்தமாகும் என்று சட்டம் போட்டவர் சூப்பர்வைசர் வைத்தீஸ்வரன். பாலக்காட்டுக்காரர். மூக்கில் எப்போதும் கைக்குட்டை. கொட்டகையில் எதையும் கையால் தொடமாட்டார். எல்லாரும் அவரைச் சாமி என்பார்கள்.

மழை விட்ட நேரத்தில் இடக்கொச்சியிலிருந்து வள்ளம் வந்தது. முகமது இஸ்மாயில் சாக்குகளை இறக்கினான். ராத்திரி பெட்ரோமாக்ஸைத் தூக்கிக்கொண்டு வயல் வயலாகத் தவளை பிடிக்கிறவன்.

முன்பெல்லாம் சாக்கு வாசலில் இறங்கும்போதே கொட்டகை அதிரும். இப்போது சாக்கு நெளிந்தது. சத்தமில்லை.

சாமி செருப்பு நுனியால் ஒரு சாக்கைத் தள்ளிப் பார்த்தார்.

“எந்தாடா இது, கத்தவே இல்லை? வேற ஜாதியாக்கும் கொண்டுவந்திருக்கே. வேற ஜாதின்னா பாதி விலைதான்.”

“ஜாதி அதே ஜாதிதான் சாமி. பச்சை முதுகைப் பாருங்க, நடுவுல மஞ்சக் கோட்டைப் பாருங்க. இருட்டுல சத்தம் கேட்ட பக்கம்தானே நாங்க போறது? கத்துனதெல்லாம் சாக்குக்குள்ள வந்து தீர்ந்துபோச்சு. வாயை மூடிக் கிடந்தது தப்பிச்சு, குடும்பம் நடத்துச்சு. இதுங்க அதோட மக்களாக்கும். அப்பனைப் போல ஊமை.”

“கதை வேண்டா. பாதி விலை.”

இஸ்மாயில் வாயை மூடிக்கொண்டான். அடுத்த சாக்கை இறக்கினான்.

சிரித்தது பாக்கியலக்ஷ்மி. சஃபியாவுக்கு அடுத்து நின்று வெட்டுகிறவள்.

“இதுல என்ன அதிசயம் சாமி? போன மழைக்கு இந்த மேசையில எத்தனை பேரு சத்தம் போட்டோம்? இப்ப எண்ணிப் பாருங்க. நீங்களும் பெட்ரோமாக்ஸ் வச்சுத்தானே பிடிச்சீங்க!”

மேசை முழுக்கச் சிரிப்பு ஓடியது. தலையைக் குனிந்துகொண்டு, கையை நிறுத்தாமல் சிரித்தார்கள். மழை நாளுக்கும் கூலி கேட்டவளை, சாயா குடிக்க நேரம் கேட்டவளை, விரல் வெட்டுப்பட்டு மருந்து கேட்டவளை, ஒவ்வொருத்தியாகச் சாமி வீட்டுக்கு அனுப்பியது எல்லாருக்கும் தெரியும். மிஞ்சி நின்றவர்கள்தான் இப்போது சிரித்தார்கள்.

சஃபியா சிரிக்கவில்லை. பாக்கியலக்ஷ்மிக்கும் அவளுக்கும் அப்படி ஒன்றும் ஒட்டுறவு கிடையாது. “எடி, உங்களுக்கு இது ஹராமாச்சே, தொட்டா பாவமில்லியோ?” என்று சீண்டிக்கொண்டே இருப்பாள். “திங்கத்தான் ஹராம் அக்கா, கூலி ஹராமில்லை” என்பாள் சஃபியா. அதோடு பேச்சு முடியும்.

சிரிப்பு அடங்கியும் சாமியின் காது சிவந்தே இருந்தது. குற்றம் தேடிக்கொண்டு மேசையை ஒட்டி நடந்தார். சஃபியாவுக்கும் பாக்கியலக்ஷ்மிக்கும் நடுவில் வந்ததும் குனிந்தார்.

மேசைக்கடியில் ஒரு மீன்பெட்டி கவிழ்ந்து கிடந்தது. மேலே மடித்துப் போட்ட சாக்கு. உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் குழிந்திருந்தது.

“ஆராக்கும் இதுல உட்காந்தது?”

கத்திகள் நின்றன.

சஃபியாவின் புருஷன் தாவூதுக்குத் துறைமுகத்தில் சுமை கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. இந்த வாரம் இல்லை. வாயைத் திறந்தால் நாளைக்கு அடுப்பு எரியாது.

பாக்கியலக்ஷ்மி திரும்பினாள். பெட்டியைப் பார்க்கவில்லை. சஃபியாவைப் பார்த்தாள். சற்று நேரம் பார்த்தாள், எதையோ எதிர்பார்க்கிற மாதிரி.

சஃபியா கையிலிருந்த தவளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நானாக்கும்,” என்றாள் பாக்கியலக்ஷ்மி.

“கத்தியை வச்சுட்டுப் போ.”

அவள் கத்தியைக் கழுவி வைத்தாள். தொட்டித் தண்ணீரில் முழங்கை வரை தேய்த்துக் கழுவினாள். போகிற போக்கில் யாரையாவது ஒரு குத்து குத்தாமல் போகாதவள், அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. வெளியே மழை மறுபடி பிடித்துக்கொண்டது. அவளிடம் குடையில்லை. தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு இறங்கி நடந்தாள்.

சாமி பெட்டியைக் காலாலேயே தள்ளிக்கொண்டு போய் வாசலுக்கு வெளியே விட்டார்.

கத்திகள் மறுபடி ஓடத் தொடங்கின. சஃபியா முந்தானையை முன்னால் இழுத்து வயிற்றை மறைத்துக்கொண்டாள். ஐந்து மாசம். இந்தக் கொட்டகையில் வயிறு தெரிகிற அன்றைக்கே கணக்கை முடித்துவிடுவார்கள் என்பதால், அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

பாக்கியலக்ஷ்மியிடமும் சொல்லவில்லை. ஆனாலும் ஒரு நாள் காலையில் அவள் ஒரு மீன்பெட்டியைக் காலால் உருட்டிக்கொண்டு வந்து, கவிழ்த்து, மேலே சாக்கை மடித்துப் போட்டு, சஃபியாவின் முழங்காலுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, ஒன்றும் பேசாமல் தன் வேலைக்குத் திரும்பியிருந்தாள்.

பாக்கியலக்ஷ்மி அதில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

‘உட்கார்ந்தது நான்’ என்ற ஒரு சொல்லை சஃபியா அவளுக்குத் தரவேண்டும். இன்னும் தரவில்லை.