ஒரு சைஸ் சின்னது

காந்திபுரம் துணிக்கடையில் போலோ டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு வம்சி கண்ணாடி முன் நின்றான். அப்பா வெங்கடபதி சுற்றி வந்து பார்த்தார்.

“தோள் தையல் கைக்கு இறங்குது. இது பெருசு.”

“லூசாவே இருக்கட்டுங்கப்பா.”

“வேண்டாம். தையல் தோள்முனையிலதான் நிக்கோணும்.” விற்பனையாளரைக் கூப்பிட்டார். “ஏனுங்க, எம் பையனுக்கு ஒரு சைஸ் சின்னதாக் குடுங்க.”

அது கச்சிதமாகப் பொருந்தியது. வம்சி கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“என்னாச்சு கண்ணு?”

“இன்னிக்குத்தான் மொதத் தடவையா என்னைப் பையன்னு சொல்லியிருக்கீங்கப்பா.”

பூஜிதா என்று பெயர் வைத்து, இருபத்து மூன்று வருடம் அவனை மகளாகவே வளர்த்த வெங்கடபதி, அவன் காலரைச் சரிசெய்தார்.

“கழட்ட வேண்டாம். இதோடவே ஊட்டுக்குப் போலாம். உங்கம்மாளும் பாக்கட்டும்.”