ஒரே குலதெய்வம்

மகளின் கல்யாணப் பத்திரிகையின் முதல் பிரதியைக் குலதெய்வம் ஒண்டிக்கருப்பின் காலடியில் வைக்கப் போன பேராசிரியர் தமயந்தி, கோயில் அலுவலகத்தில் திகைத்து நின்றாள்.

"ஒண்டிக்கருப்பைச் சோலையம்மனோட இணைச்சாச்சும்மா. இனிமே உங்களுக்குக் குலதெய்வம் சோலையம்மன்தான். குடும்ப அட்டையிலயும் மாத்தியாச்சு" என்றார் எழுத்தர். "நீங்க எழுதின ஆய்வுப்படிதானே."

அவள் எழுதியதுதான். கூட்டம் வராத கோயில்களை இணைத்தால் நிர்வாகம் சுலபம், பக்தியும் குறையாது என்று பதினாறு அட்டவணை போட்டு நிரூபித்திருந்தாள். ஆனால் சோலையம்மன் மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வம். குலதெய்வம் ஒன்று என்றால் இரண்டு வீடும் பங்காளிகள். பெண் கொடுத்து எடுக்க முடியாது. இது எந்த அட்டவணையிலும் வரவில்லை.

வெறும் பதிவுதானே என்று முதலில் தோன்றியது. அப்படியென்றால் கருப்பு இப்போது எங்கே இருக்கிறார் என்று அடுத்து தோன்றியது. இரண்டுமே சரியாகப் பட்டது.

மாப்பிள்ளை அதியனுக்கே போன் போட்டாள். விஷயம் அங்கேயும் போயிருந்தது. நேற்றுவரை வாய் நிறைய அத்தை என்று கூப்பிட்டவன்தான்.

"எனக்கும் ஒண்ணும் புரியல, பெரியம்மா" என்றான்.