பசியில் அளந்தது

ரேடியோ செய்து பொழுதைக் கழிக்கும் ஒருத்தியின் மேசையில் மின்சாரம் அளக்கும் இரண்டு மல்டிமீட்டர்கள் இருந்தன. ஒன்று பழையது, இன்னொன்று புதிது. பாதி தீர்ந்த ஒரு சின்னப் பேட்டரி இரண்டிடமும் போய்த் தன்னை அளக்கச் சொன்னது.

"ஒன்று புள்ளி இரண்டு வோல்ட். சுவர்க் கடிகாரம் ஓட்டலாம், டார்ச்சுக்குப் பத்தாது" என்றது புது மீட்டர்.

"முழுசா ஒன்றரை! நீ இன்னும் புத்தம் புதுசுடா கண்ணு" என்றது பழைய மீட்டர்.

பேட்டரிக்குப் பழையதைத்தான் பிடித்தது. பெருமையோடு டார்ச்சுக்குள் ஏறி உட்கார்ந்தது. வெளிச்சம் மங்கலாக வந்து, உடனே அணைந்தது.

அழுதுகொண்டே திரும்பி வந்தது. "ஏண்ணே பொய் சொன்னீங்க?"

"பொய் இல்லடா." பழைய மீட்டரின் எண்களே வெளிறியிருந்தன. "எனக்குள்ள இருக்கிற பேட்டரி தீரப்போகுது, அதான் எல்லாத்தையும் கூடுதலாக் காட்டுறேன். பசியில பார்த்தா எல்லாரும் வயிறு நிறைஞ்சவங்களாத்தான் தெரியுறாங்க."

சின்னப் பேட்டரி கண்ணைத் துடைத்துக்கொண்டு புது மீட்டரிடம் திரும்பியது. "இந்த அண்ணனைக் கொஞ்சம் அளந்து பாருங்களேன்."

பழைய மீட்டர் கூச்சத்தோடு பின்னால் நகர்ந்தது.

"என்னையா? என்னை இதுவரைக்கும் யாரும் அளந்ததே இல்லையே."