சவரிமுத்துவின் கூன்

மாதா மேல் ஆணை, இதில் ஒரு சொல் பொய்யில்லை. பொய்யென்றால் நாளைக்கே பட்டினப்பாக்கம் கடலில் மீன் படாமல் போகட்டும்.

சர்ச் திருவிழாவில் மாதா சப்பரத்தைத் தோளில் தூக்கி வருவார்கள். வலப்பக்கத் தண்டில் முன்னால் சவரிமுத்து. அவனுக்குப் பின்னால் மீன்கடை துரைராஜ். மாலை விழுவதும் வீடியோவில் வருவதும் முன்னால் இருப்பவனுக்குத்தான். துரைராஜுக்கு வருஷம் முழுக்க வயிற்றெரிச்சல்.

சவரி நெட்டை. அவன் நிமிர்ந்து நின்றால் லைட் ஹவுஸுக்கே கழுத்து வலிக்கும். ஆனால் சப்பரம் தூக்கும்போது மட்டும் முழங்காலை மடக்கி, தரையில் எதையோ தொலைத்தவன்போல நடப்பான்.

திருவிழாவுக்கு முந்தின நவநாள் பிரசங்கத்தில் ஃபாதர், "நாமெல்லாம் ஒரே உடல்" என்றார்.

'அப்போ மூஞ்சி அவன், முதுகு நானா?' துரைராஜுக்குப் பொறுக்கவில்லை. பூசை முடிந்ததும் போய் நின்றான்.

"ஃபாதர், மாதாவைத் தூக்கிக்கினு கூன் போட்டு நடக்கிறான் சவரி. ஊரே சிரிக்குது. இடுப்புல தெம்பு இல்ல அவனுக்கு. என்னை முன்னாடி வுடுங்க."

ஃபாதர் சவரியைக் கூப்பிட்டார். "இந்த வருஷம் நிமிர்ந்து நடங்க. முடியலைன்னா துரைராஜ் முன்னால வரட்டும்."

"சரி ஃபாதர்." சவரி துரைராஜை ஒரு பார்வை பார்த்தான்.

திருவிழா சாயங்காலம் சப்பரம் எழுந்தது. சவரி நிமிர்ந்தான்.

தண்டு துரைராஜின் தோளை விட்டு மேலே போய்விட்டது. எக்கிப் பார்த்தான். தோள் எட்டவில்லை, கைதான் எட்டியது.

ஓரத்தில் நின்ற அவன் பெண்டாட்டி அன்புச்செல்வி, "இன்னாயா, பஸ்ஸுல தொங்கிக்கினு வர்ற மாதிரி வர்றே?" என்றாள்.

சுற்றி நின்றவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

"சவரி... கொஞ்சம் எறங்குடா" என்று கெஞ்சினான் துரைராஜ்.

தண்டு மெல்ல இறங்கி அவன் தோளில் உட்கார்ந்தது.

முன்னால் போன ஃபாதர் திரும்பினார். "சவரி, மறுபடியும் கூனா?"

"இடுப்பு புடிச்சிக்கிச்சு ஃபாதர். முன்னாடி எடத்த துரைக்கே குடுத்துடுங்க."

வருஷக்கணக்காக ஆசைப்பட்ட இடம். துரைராஜ் தண்டைப் பிடித்தபடியே ஃபாதரைப் பார்த்துச் சொன்னான்.

"அவன் இடுப்பு நல்லாத்தான் கீது ஃபாதர். என் தோளுக்கு எட்டணும்னுதான் வருஷா வருஷம் குனிஞ்சிக்கினு வர்றான்."

பேண்டு சத்தத்தில் இது ஃபாதரையும் பக்கத்தில் நடந்த என்னையும் தவிர கூட்டத்தில் யார் காதிலும் விழவில்லை. நான் சொன்னதாக நீங்களும் மூச்சு விட்டுவிடாதீர்கள். துரைராஜ் கடையில்தான் நான் மீன் வாங்குகிறேன்.