எட்டு மாதமாய்த் துடைத்த கொம்பியூட்டர்

"டேய் ஆண்டியப்பன், செருப்பைக் கழட்டிப்போட்டு வா! தூசி பட்டால் கொம்பியூட்டர் செத்துப்போம். காய்ஞ்ச துணியால மட்டும் துடை. பழுதாச்சோ, நாளைக்கு உனக்கு வேலையில்லை!"

வட்டக்கச்சி அலுவலகத்தில் எட்டு மாதமாகப் பெரிய கிளாக்கர் மயில்வாகனத்தார் பாடும் பள்ளியெழுச்சி இதுதான். கூலியாள் ஆண்டியப்பனும் சாமி சிலையைத் துடைப்பதுபோல் பயந்து பயந்து துடைப்பான்.

அன்று கொழும்பிலிருந்து இஞ்சினியர் வந்து சும்மா சுவிச்சை அழுத்திப் பார்த்தார். கொம்பியூட்டர் மூச்சே விடவில்லை.

மயில்வாகனத்தார் துள்ளி எழுந்தார். "இவன்தான் சேர்! ஈரத்துணியால துடைச்சுக் கெடுத்துப்போட்டான். இப்பவே வேலையால நிப்பாட்டுங்கோ!"

"இல்லீங்கய்யா..." ஆண்டியப்பன் கையிலிருந்த காய்ஞ்ச துணியை நீட்டிக் காட்டினான். வீட்டில் ஐந்து வாய் காத்திருந்தது.

"நேற்று வேலை செய்ததோ?" என்று இஞ்சினியர் மயில்வாகனத்தாரைக் கேட்டார்.

"ஓம் சேர்! பின்னேரம் வரைக்கும் நான்தான் அதில கடிதம் அடிச்சனான். எட்டு மாதமா ஒரு நாளும் விடேல்லை."

"அதை எழுதித் தாங்கோ."

மயில்வாகனத்தார் கையெழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டுக் கொடுத்தார். இஞ்சினியர் அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். பிறகு தன் பையைத் திறந்து சில பச்சைத் தகடுகளை மேசையில் பரப்பினார்.

"இதெல்லாம் அதுக்குள்ள இருக்கவேண்டிய சாமான். அனுப்ப மறந்துபோனம். இன்றைக்குப் பூட்டத்தான் வந்தனான். நீங்கள் எட்டு மாதமா வெறும் பெட்டியிலயோ அடிச்சனீங்கள்?"

ஆண்டியப்பனுக்கு அது புதினமில்லை. லொறியிலிருந்து இறக்கிய அன்றே, பெட்டி பாரமில்லாமல் இருக்கிறதென்று சொல்லத்தான் அவன் வாயெடுத்தான். "முதல்ல செருப்பைக் கழட்டடா!" என்றுவிட்டார் மயில்வாகனத்தார்.